இணைப்பு: கால்சட்டை ஒன்று

எங்கள் அளவைத் துறையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் உங்கள் தெருக் கடைக்காரரைக் கேளுங்கள். அவர் சொல்லும் வார்த்தைகள் குழந்தைகள் காதில் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தராசு, எடைக்கல், மீட்டர் கோல், டேப் என்று அளக்கிற சாமான் எதுவாக இருந்தாலும் சோதித்து முத்திரை குத்துவது நாங்கள்தான். ஒரு நூல் பிசகினால் அபராதம் போடுவதும் நாங்கள்தான். அங்கே நான் பதினோரு வருஷமாக முதுநிலை எழுத்தராக இருந்தேன். அடுத்த மாதக் கடைசியில் எங்கள் பிரிவுத் தலைவர் ஓய்வு பெறுவதாக இருந்தார். அவர் எழுந்தால் அந்த நாற்காலியில் உட்காரப்போவது நான்தான் என்று வாசல் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் தெரியும்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் இயக்குநரிடமிருந்து அந்தச் சுற்றறிக்கை வந்தது.

'பணியாளரின் உடல்நலமே துறையின் உடல்நலம் என்பதை இத்துறை ஆழ்ந்த பொறுப்புணர்வுடன் உணர்ந்துள்ளதால்' என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் ஒன்றரைப் பக்கம் ஓடியது. சாரம் இதுதான். ஒவ்வொருவரும் முப்பது நாளுக்குள் தன் வீட்டில் ஓர் உடற்பயிற்சிக் கூடம் அமைக்க வேண்டும். இதயத்துக்கு, கைக்கு, காலுக்கு, வயிற்றுக்கு, சமநிலைக்கு என்று குறைந்தது ஐந்து கருவிகள் இருக்க வேண்டும். ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார். இடுப்பளவு முப்பத்தெட்டு அங்குலத்துக்கு மேல் உள்ளவர்கள் பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கப்பட மாட்டார்கள். கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி: மொத்தச் செலவு ஐயாயிரத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று விளக்கம் கேட்கப்படும்.

என் இடுப்பு நாற்பத்திரண்டு. ஐந்து கருவி இல்லாவிட்டால் நான் சோம்பேறி, ஐயாயிரத்தைத் தாண்டினால் லஞ்சப் பேர்வழி. நடுவில் எங்கேயோதான் என் நாற்காலி இருந்தது.

நான் முறைப்படி வேலை செய்கிறவன். கண்ட கடையில் புகுந்து கண்டதை வாங்குகிற ஆள் இல்லை. அன்று சாயங்காலமே வீட்டில் ஒரு கொள்முதல் குழு அமைத்தேன். தலைவர் நான். நிதி உறுப்பினர் என் மனைவி. அவளுக்கு இந்த நியமனத்தைத் தெரிவிக்கவில்லை, ஏனென்றால் அவள் அப்போது வரவேற்பறையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். தொழில்நுட்ப உறுப்பினர் என் மச்சான், அவளுடைய தம்பி. தெருவில் அவனுக்குப் 'புரோட்டீன்' என்று பெயர். ஒரு டப்பாப் பொடியைத் தண்ணீரில் குலுக்கிக் குடிப்பான். கையில் கட்டியிருக்கிற வாட்ச் அவன் எத்தனை அடி நடந்தான் என்று சொல்லும். நடக்கச் சோம்பலாக இருந்தால் உட்கார்ந்தபடியே கையை மட்டும் ஆட்டுவான். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி.

"மாமா, கார்டியோ இல்லாம ஒண்ணுமே நடக்காது. டிரெட்மில் வாங்கணும்," என்றான் உறுப்பினர்.

"அதுல என்ன செய்யறது?"

"நடக்கறது."

"தெருவுலயும் நடக்கலாமே?"

"தெருவுல நடந்தா நீங்க எங்கயாவது போயிடுவீங்க மாமா. இதுல அந்தத் தொல்லை இல்ல."

குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் இரண்டு பேரும் கடைவீதியில் இருக்கும் பெரிய உடற்பயிற்சிச் சாமான் கடைக்குப் போனோம். குளுகுளு அறை. சுவர் முழுக்கக் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் என் தொப்பை எனக்கு வணக்கம் சொன்னது. விற்பனையாளன் ஓடி வந்தான்.

"பட்ஜெட் எவ்வளவு சார்?"

"ஐயாயிரம்."

"ஒரு காலுக்கா, ரெண்டு காலுக்குமா?"

"அஞ்சு கருவிக்கும் சேர்த்து," என்றேன் கம்பீரமாக.

அவன் சிரிக்கவில்லை. நல்ல பயிற்சி பெற்றவன். ஒரு டிரெட்மில்லை நோக்கி என்னை அழைத்துப் போய், "ஐயாயிரத்துக்கு இந்த மெஷினைப் போர்த்துற உறை கிடைக்கும் சார். நல்ல கெட்டி உறை, தூசி அண்டாது," என்றான்.

"உறைக்குள்ள வைக்கிறதுக்கு?"

"அதுக்கு மாசத் தவணை இருக்கு சார்."

மச்சான் அதற்குள் ஒரு மெஷின் மேல் ஏறி நின்று, அதை ஓட விடாமல், தன்னைத்தானே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது பழைய சாமான் கடை. அங்கே உடற்பயிற்சி சைக்கிள்கள் மட்டும் பதினொன்று வரிசையாக நின்றன. எல்லாம் புத்தம் புதுசு, மிதிகட்டையில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள்கூடக் கிழியவில்லை.

"பழசுன்னீங்க?"

"பழசுதான் சார். வாங்கினவங்க யாரும் தொடல, அதான் கேரண்டி. இதோ, இந்தச் சைக்கிள் மூணாவது தடவையா என்கிட்ட திரும்பி வந்திருக்கு. மூணு வீடு பாத்துடுச்சு, இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓடல."

ஐயாயிரத்து இருநூறு சொன்னார். நான் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு இறக்கினேன். பெருமையாகத்தான் இருந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதயத்துக்கு நாலாயிரத்துத் தொள்ளாயிரம் போனால் கை, கால், வயிறு, சமநிலை நான்குக்கும் தலா இருபத்தைந்து மிஞ்சுகிறது. இருபத்தைந்துக்கு என் வயிறு கரையாது என்று என் வயிற்றைப் பார்த்த யாருக்கும் தெரியும்.

இப்படியே ஒன்பது கடைகளிலிருந்து விலைப்புள்ளி வாங்கி, பதினேழு கட்டங்கள் கொண்ட ஒப்பீட்டு அட்டவணை ஒன்று தயாரித்து வரவேற்பறைச் சுவரில் ஒட்டினேன். குழு தினமும் கூடியது. கூட்டம் என்றால் பிஸ்கட் இல்லாமல் நடக்காது. அது எங்கள் ஆபீஸ் மரபு. இருபத்தொன்றாம் நாள் அட்டவணை பூர்த்தியானது. என் இடுப்பும் அரை அங்குலம் முன்னேறி நாற்பத்திரண்டரை ஆனது.

அன்றைக்குத்தான் என் மனைவி மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"ஒப்பீட்டு அட்டவணை."

"எத்தனை நாளா இந்தக் கூத்து? உடம்பு இளைக்கணும், அவ்வளவுதானே? இந்த மெஷினை ரெண்டு மணி நேரம் மிதிங்க. ரெண்டு வாளித் தண்ணியை மாடிக்குத் தூக்கிட்டுப் போங்க. ஏணி போட்டு ஒட்டடை அடிங்க. போர்வையைத் துவைச்சு முறுக்கிப் பிழிங்க. காசா பணமா? தண்டத்துக்குச் சுவத்துல பேப்பர் ஒட்டிக்கிட்டு!"

அவள் என்னவோ திட்டத்தான் திட்டினாள். எனக்கு அது வரைவு அறிக்கையாகக் காதில் விழுந்தது. ஆகா! கருவிகள் வீட்டிலேயே இருக்கின்றன, பெயர்தான் இல்லை! பெயர் வைப்பதில் எங்கள் துறையை அடித்துக்கொள்ள ஆள் உண்டா?

உடனே உட்கார்ந்து எழுதினேன். தையல் மெஷின் 'அமர்நிலை மிதி இயந்திரம்' ஆனது, அது இதயத்துக்கு. இரண்டு பிளாஸ்டிக் வாளிகளும் 'எடை மாற்றத்தக்க கை எடைகள், ஒரு ஜோடி' ஆயின. எடையை மாற்ற வேண்டுமானால் தண்ணீரை மாற்றினால் போதும். ஏணி காலுக்கான 'செங்குத்து ஏற்றக் கருவி'. நனைந்த போர்வை வயிற்றுக்கான 'முறுக்குத்திறன் சாதனம்'. சமநிலைக்குத்தான் கொஞ்சம் திணறினேன். அப்புறம் சமையலறையில் ஒரு கால் ஒடிந்த முக்காலி ஞாபகம் வந்தது. 'சமநிலைப் பீடம்.' மொத்தச் செலவு: இல்லை.

"அந்த முக்காலியை ஆறு மாசமாச் சரி பண்ணிக் கொடுங்கன்னு சொல்றேன்," என்றாள் மனைவி.

"இனிமே சரி பண்ணவே கூடாது. கால் வந்துட்டா கருவி தகுதி இழந்துடும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி மிதிக்கப் போனாள்.

முப்பதாம் நாள் உடற்தகுதி ஆய்வாளர் வந்தார். எங்கள் வீடு முதல் மாடி. பதினெட்டுப் படி ஏறியவர் வாசலில் நின்று ஐந்து நிமிஷம் பேசவே இல்லை. நான் அதை மௌன ஆய்வு என்று நினைத்தேன். பிறகு தண்ணீர் கேட்டார். கை எடையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தேன்.

கையில் பச்சை நிறப் படிவம், அதில் கோபுர முத்திரைபோல் பெரிய முத்திரை. ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடித்தார். செலவு 'இல்லை' என்பதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அருமை சார்! நேத்து ஒரு வீட்டுல மூணு டம்பெல் வாங்கி வெச்சிருந்தாங்க. எதுக்கு மூணுன்னு நாலு மணி நேரம் விசாரணை. உங்க வீட்டுல அந்த வம்பே இல்ல. யார் பயிற்சி செய்யறது?"

"நான்தான் செய்யறேன்," என்று முந்திக்கொண்டாள் மனைவி. "அஞ்சரைக்கு எழுந்தா படுக்கற வரைக்கும்."

"பதினாறு மணி நேரமா! உலகத் தரமாச்சே!" ஆய்வாளர் எழுதிக்கொண்டார். "விதிப்படி ஒரு கருவியையாவது நான் இயக்கிப் பாத்துச் சான்று தரணும். எதுல உட்கார வசதி இருக்கு?"

தையல் மெஷினில்தான் இருந்தது. உட்கார்ந்தார். மெஷினில் பாதி தைத்தபடி ஒரு கறுப்புக் கால்சட்டை கிடந்தது. அதன் மேலேயே படிவத்தை விரித்து, ஒரு கையால் எழுதிக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தார். டக் டக் டக் டக். மனிதருக்கு அப்படி ஒரு குஷி!

"நல்லா இருக்கே! ரொம்ப நல்லா இருக்கே! இப்படி ஒரு கருவியை நான் பாத்ததே இல்ல!"

"சார், நிறுத்துங்க! நிறுத்துங்க சார்!" என் மனைவி கத்தினாள்.

"இன்னும் ஒரு நிமிஷம்மா, இதயம் இப்பத்தான் சூடாகுது!"

சக்கரத்தை அவள் கையால் பிடித்து நிறுத்தியபோது எல்லாம் முடிந்துவிட்டது. பச்சைப் படிவம் கால்சட்டையின் பின்பக்கத்தில், நல்ல இரட்டைத் தையலாக, முத்திரையோடு உட்கார்ந்திருந்தது.

மனைவி கத்திரிக்கோலை எடுத்தாள். "அஞ்சு நிமிஷத்துல பிரிச்சுடறேன்."

"தொடாதீங்க!" ஆய்வாளர் எழுந்து நின்றுவிட்டார். "முத்திரை வெச்ச படிவத்துல கத்திரி படறது ஆவணச் சேதம். சட்டப்படி குற்றம்."

"ஐயோ, இது பேன்ட்டுங்க!"

"பேன்ட்டா இருந்தது. இப்போ படிவத்தோட இணைப்பு." சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, படிவத்தின் மூலையில் நிதானமாக எழுதினார்: 'இணைப்பு: கால்சட்டை ஒன்று.' பிறகு அதை நான்காக மடித்துக் கோப்பில் வைத்துக் கட்டிக்கொண்டு படி இறங்கினார்.

மனைவி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு பேன்ட்டுதானே, துணி வாங்கித் தச்சுக் கொடுத்துடலாம்," என்றேன்.

"அது யாரோடதுன்னு தெரியுமா உங்களுக்கு? உங்க இயக்குநரோடது."

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இயக்குநரின் டிரைவர் ஒரு பையோடு வருவாராம். 'இடுப்புல இன்னும் ரெண்டு அங்குலம் விடணும், வெளியில மூச்சு விடக் கூடாது' என்பாராம். தொழில் ரகசியம் என்று அவள் என்னிடம்கூடச் சொல்லவில்லை. இந்தத் தடவை விட்டதோடு நாற்பத்தாறு.

பரவாயில்லை, கோப்பை யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். பதினோரு வருஷ அனுபவத்தில் நான் எழுதிய எதையும் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. ஆனால் கால்சட்டை உள்ள கோப்பு என்றால் சும்மா விடுவார்களா? அது போன மேசையிலெல்லாம் பிரித்தார்கள்.

முதல் மேசைக்காரர் ஒரு குறை கண்டுபிடித்தார். மிதித்த குஷியில் ஆய்வாளர் 'இடுப்பளவு' என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டிருந்தார். 'கட்டம் காலியாக உள்ளது. எனினும் இணைப்பை அளந்து நிரப்ப இயலும்' என்று எழுதி, அளந்து, நாற்பத்தாறு என்று நிரப்பினார். இரண்டாம் மேசை, 'இந்தக் கால்சட்டைக்கு உரியவர் பதவி உயர்வுக்குத் தகுதியற்றவர்' என்றது. மூன்றாம் மேசை, 'இவர் தற்போதைய பதவிக்கே தகுதியுள்ளவரா என்பது ஆராயத்தக்கது' என்றது. நான்காம் மேசையில் இருப்பவனுக்கும் என் நாற்காலி மேல் ஒரு கண். அவன் பேனாவை நன்றாக உதறிவிட்டு எழுதினான்: 'இப்படியோர் இடுப்பு துறைக்கே அவமானம். கடும் நடவடிக்கைக்காக இயக்குநரின் பார்வைக்கு.'

அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அது என் கால்சட்டை இல்லை என்று சொல்லலாம். அப்படியானால் யாருடையது என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால் நாற்காலி போகும், சொன்னால் வேலையே போகும். பதினோரு வருஷம் காத்திருந்து அடுத்தவன் இடுப்பால் கெட்டேனே என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாம் நாள் இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசை மேல் கோப்பு திறந்திருந்தது. கால்சட்டை முழு நீளத்துக்கு விரிந்து, ஒரு கால் மேசைக்கு வெளியே தொங்கியது. இயக்குநர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாமல் இருக்குமா? வாரத்தில் இரண்டு நாள் போட்டவர் ஆயிற்றே.

"இது," என்றார் மெல்ல, "உங்களுதா?"

"ஐயா சொன்னா என்னுதுதான்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அப்போ யாருதும் இல்லைங்க ஐயா."

அவருக்கு என்னைப் பிடித்துப்போயிற்று என்று அந்த நிமிஷம் தெரிந்துகொண்டேன். குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தார். 'துறைக்கே அவமானம்' என்ற இடத்தில் அவர் காது சிவந்தது. அவருக்கும் மேலே ஒரு நாற்காலி இருக்கிறது, அதற்கும் ஒரு பதவி உயர்வு உண்டு, அதற்கும் முப்பத்தெட்டுதான் வரம்பு. சுற்றறிக்கையில் 'ஒவ்வொருவரும்' என்று கையெழுத்துப் போட்டது அவரேதான்.

"நாற்பத்தாறு எப்படி வந்தது?"

"டேப் வெச்சு அளந்தாங்க ஐயா."

"யாரோட டேப்?"

"நம்ம துறை டேப்தாங்க."

இயக்குநர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திரும்பியபோது அவர் முகத்தில் ஓர் அமைதி இருந்தது.

"ஊருக்கெல்லாம் ஓர் அங்குலம்னா எவ்வளவுன்னு சொல்றது யாரு?"

"நாமதாங்க ஐயா."

"அப்புறம் என்னத்துக்கு எல்லாரும் பட்டினி கிடக்கிறீங்க?"

மறுநாள் புதுச் சுற்றறிக்கை வந்தது. அதை வரைந்த பெருமை எனக்குத்தான். 'மனித இடுப்பு நெகிழும் தன்மை உடையது. நெகிழும் பொருளை நெகிழா அங்குலத்தால் அளப்பது அறிவியலுக்கு முரணானது. எனவே, இனி இடுப்பளவுகள் யாவும் உடற்தகுதி அங்குலத்தில் எடுக்கப்படும். ஓர் உடற்தகுதி அங்குலம் என்பது பழைய அங்குலம் ஒன்றேகாலுக்குச் சமம்.' அன்று மதியமே புது டேப்புகள் அச்சாகி வந்தன. நீல நிறம், பளபளவென்று.

அன்றைய ஆபீஸை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! நான் முப்பத்தி நாலு. இயக்குநர் முப்பத்தாறே முக்கால். கணக்குப் பிரிவு அம்மா இருபத்தெட்டு என்றதும் நாற்காலி மேல் ஏறி நின்று கை தட்டினார். ஒரே பகலில் துறை மொத்தமாக ஐந்நூற்றுச் சொச்சம் அங்குலம் இளைத்தது. யாருக்கும் ஒரு துளி வியர்க்கவில்லை. மச்சானை வரவழைத்து அளந்தோம். இருபத்தி நாலு வந்தது. "கோர்! கோர்!" என்று ஜிம் பாஷையில் தன் வயிற்றைத் தட்டிக் கத்திக்கொண்டே வராந்தாவில் ஓடினான்; அவன் நிஜமாகவே ஓடி நான் பார்த்தது அன்றுதான். பெல்ட்டில் மட்டும் எல்லோருக்கும் பழைய ஓட்டையேதான். பெல்ட் எங்கள் துறையின் கட்டுப்பாட்டில் வரவில்லை.

குஷி மூன்று நாள் நீடித்தது. நான்காம் மேசைக்காரன் சும்மா இருப்பானா? பணி விதிகளைத் தோண்டி ஒரு வரியைக் கண்டுபிடித்தான். பிரிவுத் தலைவர் பதவிக்குக் குறைந்தபட்ச உயரம் ஐந்தடி. என்னைச் சுவரோரம் நிற்க வைத்துப் புது டேப்பால் அளந்தான். ஐந்தடி ஆறு அங்குலமாக இருந்தவன் நாலடி நாலே முக்கால் அங்குலம் ஆகிவிட்டேன்.

"உயரத்துக்குப் பழைய டேப்தானே?" என்றேன்.

"ஒரு ஆளை ரெண்டு டேப்ல அளக்கலாமா? நாமதானே அதுக்கு அபராதம் போடறோம்?" என்றான் படுபாவி.

அவனையும் அளந்தேன். நாலடி மூன்று. இயக்குநர் நாலடி இரண்டு. துறை முழுக்கத் தேடியதில் ஐந்தடியைத் தொட்டவர் ஒருவர்தான், வாசல் காவலாளி. நிஜத்தில் ஆறடி மூன்று அங்குலம். அவர் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததாகக் கேள்விப்பட்டேன். அதோடு விட்டாரா? 'உயரம் போதலை, கொஞ்சம் தூக்கி வைக்கச் சொல்லுங்க' என்றாராம்.

நல்லவேளை, இயக்குநரும் நாலடி இரண்டு அங்குலத்தில் சந்தோஷமாக இல்லை. மூன்றாவது சுற்றறிக்கை மூன்றே வரிதான். இடுப்புக்கு நீல டேப். உயரத்துக்குப் பழைய மஞ்சள் டேப். ஒரே ஆளை இரண்டு டேப்பால் அளப்பது பொதுநலன் கருதி அனுமதிக்கப்படுகிறது. மாதக் கடைசியில் நான் பிரிவுத் தலைவரானேன். நாற்காலி சுழலும். முதல் நாள் மட்டும் நாற்பது தடவை சுற்றினேன்.

இது நடந்து ஒரு வாரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை, என் மனைவிக்குத் தைப்பதற்கு லைனிங் துணி கொடுக்கிற ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். அவரைப் பார்த்தாலே எனக்குக் கொஞ்சம் கூச்சம். கடையில் இரண்டு மீட்டர் கோல் வைத்திருந்தார் என்று போன வருஷம் நான்தான் அபராதம் எழுதினேன்: வாங்கும்போது நீளக் கோல், விற்கும்போது குட்டைக் கோல். அவர் அதை எதிர்த்து மேல்முறையீடு போட்டிருந்தார். வழக்கு நடந்துகொண்டிருந்தது.

துணியைக் கீழே வைத்தவர் கண்ணில் சுவர் ஆணி பட்டது. அதில் நீல டேப்பும் மஞ்சள் டேப்பும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஆபீஸில் எல்லோரும் இப்போது என் மனைவியிடம்தான் தைக்கக் கொடுக்கிறார்கள்; இரண்டும் இல்லாமல் அவளுக்குத் தொழில் நடக்காது.

அவர் இரண்டையும் எடுத்து ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்தார். ஒரு தடவை பார்த்தார். மறுபடி பார்த்தார். துணி அளக்கிற கை, ஏமாறுமா?

"சார்."

"சொல்லுங்க."

"நானும் ரெண்டுதான் வெச்சிருந்தேன்."

டேப்புகளை வாங்கக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"இதுக்குத்தானே என்கிட்ட அபராதம் வாங்கினீங்க? இதுக்குத்தானே கடைவாசல்ல நிக்க வெச்சு, நாலு பேர் பாக்கத் திருடன்னீங்க? நாளைக்கு என் வழக்கு வருது சார். இந்த ரெண்டு டேப்பையும் கொண்டுபோய் அங்க மேசை மேல வெச்சேன்னா, உங்க இயக்குநர் எங்க, நீங்க எங்க, உங்க நாற்காலி எங்க?"

அவர் சொன்னது அத்தனையும் நியாயம். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அதுவரை நான் அந்த மனிதரை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன். கோபத்தில் மூச்சு வாங்க நின்றார். சட்டைப் பொத்தான் ஒன்று வயிற்றிடம் தோற்றுத் திறந்திருந்தது.

என் மனைவிதான் பேசினாள். "அண்ணே, நீங்க சொல்றது சரிதான். எடுத்துட்டுப் போங்க. நானும் சாட்சி சொல்றேன்."

"ஏய்!" என்றேன்.

"என்ன ஏய்? அவர் சொல்றதுல என்ன தப்பு?"

ஜவுளிக்கடைக்காரர் டேப்புகளை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். வாசல் வரை போனார். செருப்பை மாட்டினார். ஒரு கால் மாட்டியதும் நின்றார்.

"ஏம்மா, இதுல எது இடுப்பு டேப்?"

"நீலம்."

"சும்மா... ஆதாரம் சரியா இருக்கணும் இல்லையா? ஒரு தடவை எனக்கு வெச்சுப் பாருங்களேன்."

மனைவி அவரை அளந்தாள். நிஜத்தில் நாற்பத்தி நாலு இருக்கும், நானே சொல்வேன்.

"முப்பத்தஞ்சு, அண்ணே."

"எவ்வளவு?"

"முப்பத்தஞ்சு."

அவர் டேப்பைக் குனிந்து தானே ஒரு தடவை படித்தார். சுவரில் இருந்த கண்ணாடியை நேராகப் பார்த்தார். அப்புறம் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். திறந்திருந்த பொத்தானை மாட்ட முயன்று, விட்டுவிட்டார்.

"கல்யாணத்தப்போ எனக்கு முப்பத்தஞ்சும்மா," என்றார். "நான் என்னவோ ரொம்பப் பெருத்துட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"நாளைக்கு வழக்கு?" என்றேன் நான், பயந்து பயந்து.

"எந்த வழக்கு?" மஞ்சள் டேப்பைப் பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். "நீங்க பாவம், கடமையைத்தானே செஞ்சீங்க. இந்த நீலம் மட்டும் என்கிட்ட இருக்கட்டும் சார். வீட்டுல அவளுக்கும் ஒரு தடவை காட்டணும்."

படியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்த நல்ல செய்தியை இயக்குநரிடம் சொல்ல வேண்டுமே என்று சட்டையை எடுக்க உள்ளே போனேன்.

அறையில் என் மனைவி கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மெஷின் இழுப்பறையிலிருந்து இன்னொரு நீல டேப்பை எடுத்து வந்து, மூச்சை இழுத்துப் பிடித்து, இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டாள்.

"என்ன பார்வை? கதவைச் சாத்திட்டுப் போங்க," என்றாள்.